பால் வேண்டாம், பாஸ்தா வெந்த தண்ணீரே போதும்

கேள்வி: எங்கள் வீடு வியாசர்பாடியில். வேலை முடிந்து ஜீவா ஸ்டேஷனில் இறங்கி வீடு வந்து சேர ஏழரை மணி ஆகிவிடும். எட்டு வயது மகனுக்குப் பால் குடித்தாலே வயிறு உப்பி, வலித்து, பேதியாகிறது. பாலை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். ஆனால் அவன் போனில் பார்த்த பீஃப் பாஸ்தாவைத்தான் கேட்கிறான். அதில் பாலும் சீஸும் கொட்டுகிறார்கள். பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்து பார்த்தேன். அது திரிந்துபோனது, பாஸ்தா கட்டியாக ஒட்டிக்கொண்டது, கைமாவைக் கடிக்கவே முடியவில்லை. அடுப்பில் ஒரு பக்கம் மாமியாருக்குச் சோறும் ரசமும் ஆகும். எனக்குக் கிடைப்பது இன்னொரு பக்கமும் ஒரு பாத்திரமும்தான். பால் இல்லாமல், ஒரே பாத்திரத்தில், சீக்கிரம் செய்ய வழி உண்டா? ராத்திரியில் மாட்டுக்கறி செரிக்காது என்று மாமியார் சொல்வது சரியா?
- ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வழி இருக்கிறது. ஒரே பாத்திரம், ஒரே அடுப்பு, பால் ஒரு சொட்டும் வேண்டாம். உணவியல் ஆலோசனைக்கு வரும் பல தாய்மார்கள் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பாலை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறு ஏதாவது வெள்ளையாக ஊற்றியாக வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஊற்ற வேண்டியதில்லை. பாஸ்தா வேகும்போது அதிலிருந்து மாவுச்சத்து தண்ணீரில் இறங்குகிறது. சோறு வடித்த கஞ்சி ஆறினால் எப்படிக் கெட்டியாகிறதோ, அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. அந்தத் தண்ணீரோடு கறியின் கொழுப்பும் எண்ணெயும் கலந்துவிட்டால் குழைவான, பளபளப்பான சாறு கிடைக்கும். தனிப் பாத்திரத்தில் பாஸ்தாவை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டும்போது அந்தக் குழைவைத்தான் கொட்டிவிடுகிறோம். அப்புறம் அதை ஈடுகட்டப் பாலும் சீஸும் தேவைப்படுகிறது. ஒரே பாத்திரத்தில் செய்வது உங்களுக்கு அடுப்பு இல்லாத குறையால் என்று எண்ண வேண்டாம். பால் இல்லாத பாஸ்தாவுக்கு அதுவே சரியான முறை.

சமையலுக்குப் போகும் முன் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மகனுக்கு இருப்பது லாக்டோஸ் செரியாமையா, பால் புரத அலர்ஜியா? இரண்டும் வேறு. முதலாவதில், பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குடலில் குறைவாகச் சுரக்கிறது. உப்புசம், வலி, பேதி எல்லாம் அதனால் வரும். தொந்தரவுதான், ஆபத்தில்லை. நம் பக்கத்தில் இது சகஜம். இப்படிப்பட்டவர்களில் பலருக்குக் கொஞ்சம் தயிரோ நெய்யோ ஒத்துக்கொள்ளும். இரண்டாவதில், பாலின் புரதத்தை உடம்பு எதிரியாக எடுத்துக்கொள்கிறது. தோலில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் வரலாம். அப்படியென்றால் வெண்ணெய், நெய், தயிர், சீஸ் எதுவும் கூடாது. ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் கூடாது, ஏனென்றால் அவற்றின் புரதமும் கிட்டத்தட்ட அதேதான். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதல் வகை போலத் தெரிகிறது. ஆனாலும் கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்லக் கூடாது. டாக்டரிடமே கேளுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் குழந்தைகள் பிரிவு உண்டு. எப்போதாவது மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அது அதிகம் பேர் சொல்லாதது. பால் அலர்ஜி உள்ள குழந்தைகளில் சிலருக்கு மாட்டுக்கறியும் ஒத்துக்கொள்வதில்லை. பாலில் உள்ள புரதங்களில் ஒன்று மாட்டின் ரத்தத்திலும் இறைச்சியிலும் இருப்பதுதான் காரணம். உங்கள் மகன் இதுவரை பீஃப் சாப்பிட்டு எந்தத் தொந்தரவும் இல்லை என்றால் பயப்பட வேண்டாம். இதுவரை சாப்பிட்டதே இல்லை, அதோடு டாக்டரும் அலர்ஜி என்று சொல்கிறார் என்றால், முதலில் அவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சரி, கறிக்கு வருவோம். உங்கள் கைமா வேகாததற்கு நீங்கள் காரணமில்லை. வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் அரைத்த பீஃப் பெரும்பாலும் இளம் மாட்டின் கறி, கொழுப்பும் தாராளமாக இருக்கும். பத்து நிமிடத்தில் வெந்துவிடும். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் வயதான மாடு அல்லது எருமை. கொழுப்பு குறைவு, நார் அதிகம். அதைக் கத்தியால் பொடியாகக் கொத்தினாலும் பாஸ்தா வேகும் நேரத்துக்குள் மெத்தென்று ஆகாது. புளியமரக் கட்டையில் வைத்து அழகாகக் கொத்திக் கொடுப்பார்கள், வறுவலுக்கும் கோலா உருண்டைக்கும் அது அருமை. அவசர பாஸ்தாவுக்கு ஒத்துவராது.

அதனால் கடையில் கேட்கும்போதே இப்படிக் கேளுங்கள்: எலும்பில்லாத தொடைக்கறி, கொஞ்சம் கொழுப்போடு, மிஷினில் இரண்டு தரம் அரைத்தது. மிஷின் இல்லாத கடையென்றால் துண்டாக வாங்கி வாருங்கள். துண்டாகவே கழுவி, வடித்து, சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, சின்னத் துண்டுகளாக்கி ஃப்ரீஸரில் அரை மணி நேரம் வையுங்கள். ஓரம் மட்டும் இறுகியதும் மிக்ஸியின் சின்ன ஜாரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் கூழாகிவிடும். இறுகிய கறி மட்டும்தான் உதிரியாக வரும். கைமாவான பிறகு மட்டும் கழுவவே கழுவாதீர்கள். கழுவினால் சாறெல்லாம் சிங்க்கோடு போய்விடும், மிச்சமிருப்பது தண்ணீரைக் குடித்துக்கொண்டு வறுபடாமல் அவிந்துபோகும். கழுவாமல் சமைக்க மனம் வராது என்பது தெரியும், அதனால்தான் துண்டாக இருக்கும்போதே கழுவிவிடச் சொல்கிறேன்.

இனி பாத்திரம். கடாயை விட உங்கள் குக்கர்தான் இதற்குச் சரி. மூடியில்லாமல் அதுவே கடாய், மூடினால் குக்கர். ஐந்து லிட்டர் குக்கர் நான்கு பேருக்குத் தாராளம். 300 கிராம் கைமா, 250 கிராம் பாஸ்தா, இரண்டு பெரிய வெங்காயம், மூன்று தக்காளி, ஏழெட்டுப் பல் பூண்டு, விரல் நீள இஞ்சி. இவ்வளவுதான்.

குக்கரை நன்றாகச் சூடாக்கி இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, கைமாவைப் பரப்பிவிடுங்கள். பரப்பியதும் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள், கிளறாதீர்கள். முதலில் கறி வெளுத்து, தண்ணீர் விட்டு, தளதளவென்று கொதிக்கும். அந்தத் தண்ணீர் வற்றும்வரை தீயைக் குறைக்க வேண்டாம். கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறும். தளதளப்பு அடங்கி, எண்ணெயில் வறுபடும் சடசட சத்தம் கேட்கும். அடியில் பழுப்பாக ஒட்ட ஆரம்பிக்கும். அங்கேதான் ருசி பிறக்கிறது. இப்போது திருப்பிவிட்டு இன்னும் இரண்டு நிமிடம். சிவப்புக் கறியின் நிறம் எங்கும் மிச்சமிருக்கக் கூடாது. துண்டுக் கறியில் கிருமி மேல்பரப்பில்தான் இருக்கும். அரைக்கும்போது அது உள்ளே முழுக்கக் கலந்துவிடுவதால், கைமாவை உள்வரை 71 டிகிரி செல்சியஸ் சூடாகும்படி வேகவைக்கச் சொல்கிறார்கள். குக்கரில் அது தானாகவே நடந்துவிடும்.

வெங்காயத்தைப் போடுங்கள். அதன் ஈரம் அடியில் ஒட்டிய பழுப்பை இளக்கிவிடும், கரண்டியால் சுரண்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை வீணாக்கினால் பாதி ருசி போச்சு. வெங்காயம் வதங்கியதும் தட்டிய இஞ்சி பூண்டு, அரைத் தேக்கரண்டி சோம்புத்தூள், மஞ்சள், பையன் தாங்குகிற அளவுக்கு மிளகாய்த்தூள். தக்காளியை நறுக்கிப் போட்டு, உப்பும் ஒரு டம்ளர் தண்ணீரும் சேர்த்து மூடி, நாலு விசில். கறி கொஞ்சம் முற்றலாகத் தெரிந்தால் ஆறு. நீங்கள் முகம் கழுவி வருவதற்குள் பிரஷர் இறங்கிவிடும்.

மூடியைத் திறந்து அதே குக்கரில் பாஸ்தாவைக் கொட்டுங்கள். கூடவே இரண்டு முதல் இரண்டரை டம்ளர் சுடு தண்ணீர். 250 மில்லி பிடிக்கும் டம்ளரைச் சொல்கிறேன். அளவு முக்கியம் என்றாலும் கண் அதைவிட முக்கியம். பாஸ்தாவைக் கரண்டியால் அழுத்தினால் தண்ணீர் அதன் மேல் மட்டத்துக்குச் சரியாக வர வேண்டும், அதற்கு மேல் நிற்கக் கூடாது. நிறைய ஊற்றினால் சூப்பாகிவிடும், மாவுச்சத்தும் நீர்த்துப்போகும். குறைந்தால் நடுவில் ஊற்றிக்கொள்ளலாம், அதனால் குறைவாகவே ஆரம்பியுங்கள்.

உங்கள் பாஸ்தா கட்டியாக ஒட்டிக்கொண்டது முதல் இரண்டு நிமிடத்தில்தான். மேல்பரப்பு மாவு இளகி ஒட்டும் நேரம் அது. அந்த இரண்டு நிமிடமும் அடுப்பை விட்டு நகராமல் கிளறிக்கொண்டே இருங்கள். அப்புறம் நிமிடத்துக்கு ஒரு தரம் அடியோடு புரட்டினால் போதும். மூடி போட வேண்டாம், விசிலும் வேண்டாம். பாஸ்தா நுரைத்துப் பொங்கி விசில் துளையை அடைத்துவிடும். பாக்கெட்டில் பத்து நிமிடம் என்று போட்டிருந்தால் இதில் பன்னிரண்டு, பதின்மூன்று ஆகும். வெறும் தண்ணீரில் வேகும் வேகம் தக்காளிச் சாற்றில் இருக்காது. ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி மறைந்து, கொஞ்சம் கடிபட வேண்டும்.

இன்னும் சாறு தளர்வாக இருக்கும்போதே அடுப்பை அணையுங்கள். ஒரு தேக்கரண்டி கடலை எண்ணெய், மிளகுத்தூள், நறுக்கிய கொத்தமல்லி போட்டு நன்றாக வேகமாகக் கலக்கி, மூன்று நிமிடம் மூடி வையுங்கள். கலக்கும்போதே பார்ப்பீர்கள், தண்ணீராக ஓடிக்கொண்டிருந்த சாறு கரண்டியின் முதுகில் படிய ஆரம்பிக்கும். எண்ணெயும் மாவுச்சத்துத் தண்ணீரும் ஒன்றாகிற இடம் அது. அடுப்பிலேயே வைத்துச் சாறு முழுக்க வற்றிய பிறகு இறக்கினால் தட்டுக்குப் போகும்போது வறண்டுவிடும்.

முழுக்கச் செய்ய முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். ஏழரைக்கு வருகிறவருக்கு அது அதிகம்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கைமாவாக வாங்கி, தக்காளி வரை சேர்த்து விசில் விட்டு, ஆறவைத்து மூன்று டப்பாவில் பிரித்து ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள். ஒரு டப்பா ஒரு வேளை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது டப்பாவை ஃப்ரீஸரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் மாலையில் குக்கரில் போட்டுக் கொதிக்க வைத்து, பாஸ்தா சேர்த்து, இருபது நிமிடத்தில் தட்டில். பச்சைக் கைமாவை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். அரைத்த கறி சீக்கிரம் கெடும்.

தேங்காய்ப்பால் ஏன் திரிந்தது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தக்காளிப் புளிப்போடு கொதித்ததால். தேங்காய்ப்பாலில் எண்ணெயைத் தாங்கிப் பிடிக்கும் புரதம் அந்தச் சூட்டிலும் புளிப்பிலும் இறுகிப்போய் எண்ணெயும் தண்ணீரும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். பையனுக்கு வெள்ளையாகத்தான் வேண்டும் என்றால் ஒரு நாள் தக்காளியே போடாமல், அடுப்பை அணைத்த பிறகு அரை டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றிக் கலக்குங்கள், திரியாது. அல்லது ஊறவைத்த முந்திரி பத்தை விழுதாக அரைத்துச் சேர்க்கலாம், வேறு அலர்ஜி இல்லையென்றால். சோயா பால் வாங்குவதாக இருந்தால் சர்க்கரையும் வெனிலாவும் சேர்க்காததுதானா என்று பாருங்கள். என்னைக் கேட்டால் தக்காளி போட்ட சிவப்புப் பாஸ்தாவையே பழக்குங்கள் என்பேன். மாட்டுக்கறியின் காரசாரத்துக்கு அதுதான் பொருத்தம். தக்காளியில் இருக்கும் வைட்டமின் சி இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவும் உதவும்.

பாலும் சீஸும் இல்லாமல் எப்படி ருசிக்கும் என்று பையன் கேட்டால் அவனை ஒரு மாலை பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்பிட அழைத்துப் போங்கள். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் வட சென்னைக்குக் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மொறுமொறுவென்று வறுத்த வெங்காயம், காய்ந்த மிளகாய்த்தூள். பால் என்ற பேச்சே கிடையாது. கூட்டம் எப்படி நிற்கிறது என்று அவனே பார்ப்பான். அந்த வறுத்த வெங்காயத்தையும் பூண்டையும் நீங்கள் பாஸ்தாவின் மேல் தூவிக் கொடுங்கள். சீஸ் தூவுகிற இடத்தில் இது நிற்கும், பையனும் மொறுமொறுப்பைத் தேடிச் சாப்பிடுவான்.

பாக்கெட்டுகளில் மட்டும் கவனம் வேண்டும். ரவையில் செய்த சாதாரண பாஸ்தாவில் பால் இருக்காது. மசாலாவோடு வரும் உடனடி பாஸ்தா பாக்கெட்டுகளில் பால் பவுடரோ சீஸ் பவுடரோ இருப்பது வழக்கம். சூப் கியூப், மயோனைஸ், பிஸ்கட், பன் எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கலாம். பால் பவுடர், வே, கேசின், கேசினேட், மில்க் சாலிட்ஸ் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அது பால்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிப்படி பால் இருந்தால் அதை அலர்ஜி எச்சரிக்கையாகத் தனியே போட வேண்டும். மூலப்பொருள் பட்டியலின் கடைசியில் பாருங்கள். மளிகைக் கடையில் சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் மக்ரோனியில் லேபிளே இருக்காது. அலர்ஜி என்று உறுதியானால் அதை விட்டுவிடுங்கள்.

உங்கள் மாமியார் சொல்வதில் விஷயம் இருக்கிறது, தள்ளிவிடாதீர்கள். கறியும் கொழுப்பும் வயிற்றை விட்டு மெல்லத்தான் நகரும். நிறையச் சாப்பிட்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சல் வரும், அதுவும் அவர் வயதில். ஆனால் இந்த அளவில் ஒருவருக்கு 75 கிராம் கறிதான் வருகிறது. அதுவும் அரைத்து, குக்கரில் வெந்தது. எட்டரைக்குச் சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுத்தால் குழந்தைக்கோ உங்களுக்கோ எந்தத் தொந்தரவும் இல்லை. அத்தைக்கு ரசம் சோறே இருக்கட்டும், அவர் விரும்பினால் ஒரு கரண்டி கைமாவைத் தொட்டுக்கொள்ளட்டும். வாரத்துக்கு ஒரு தரம், மிஞ்சினால் இரண்டு தரம் என்று வைத்துக்கொண்டால் அவருக்கும் கவலை குறையும்.

பால் நின்றதால் மகனுக்குக் குறையப்போவது புரதமும் பி12-ம் அல்ல, அவை பீஃபில் வந்துவிடும். குறையப்போவது கால்சியம். எட்டு வயதுக்கு ஒரு நாளைக்கு 650 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. காலையில் கேழ்வரகு அடையோ கூழோ, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, காசிமேட்டு நெத்திலியை முள்ளோடு வறுத்தது என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். பாஸ்தாவிலேயே ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைக் கடைசி மூன்று நிமிடத்தில் சேர்த்தால் அவனுக்குத் தெரியவே தெரியாது.

மிச்சமானதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள். மறுநாள் சாறு முழுவதையும் பாஸ்தா குடித்து இறுகியிருக்கும். அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, ஆவி பறக்கக் கொதிக்க வைத்தால் பழையபடி இளகிவிடும். அதைக் காலையில் வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். மதியம் வரை டிபன் பாக்ஸில் கிடக்க விட வேண்டாம்.